மாந்தையில் ஒரு கோதுமை மணி



மன்னார்த் தீவின் நுழைவாயிலில், கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய கோட்டையை நம்மிற் பலர் கண்டிருப்போம். 1560 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் அதனைக் கட்டினர். 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. பாடநூல்கள் இந்த மூன்று ஆண்டுகளையும் நமக்கு மனனமாக்கித் தந்துள்ளன. ஆனால், அக்கோட்டைக்குள் இருந்தவர்கள் காலையிலே எதனை உண்டார்கள், அவற்றுள் எது மதிலைத் தாண்டி நமது அடுக்களைக்கு வந்து சேர்ந்தது என்ற கேள்வியைப் பாடநூல்கள் கேட்பதில்லை. இன்றைய உரையில் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கின்றேன். அதற்குத் துணையாக ஒரு சிறு பண்டத்தையும் அழைத்து வந்திருக்கின்றேன். அதன் பெயர் வாபிள்.

கட்டங் கட்டமாகக் குழி விழுந்து, மேலே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமாக இருக்கும் இந்தப் பண்டத்தை இப்போது நகரக் கடைகளில் மின்சார அச்சிலே சுட்டு, மேலே பாகு ஊற்றித் தருகின்றார்கள். பிள்ளைகள் அதனைப் புதுமை என்று எண்ணி வாங்கி உண்கின்றனர். உடல்நலத்தில் கருத்துடைய தாய்மார் சிலர், தவிடு நீக்காத கோதுமை மாவிலே, அதாவது நாம் ‘ஆட்டா மா’ என்கின்றோமே, அதிலே வீட்டிற் செய்தும் கொடுக்கின்றனர். செய்முறையைப் பின்னர் சொல்வேன். முதலில் இது வந்த வழியைப் பார்ப்போம். அவ்வழியில் மன்னாரும் ஒரு துறைமுகம் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

வாபிளின் பிறப்பிடம் மேற்கு ஐரோப்பா. நீண்ட கைப்பிடிகள் கொண்ட இரண்டு இரும்புத் தகடுகளைக் கீல் வைத்துப் பொருத்தி, நடுவிலே மாவை ஊற்றி, நெருப்பின்மேல் திருப்பித் திருப்பிச் சுடுவது அதன் பழைய முறை. இவ்வகை இரும்புகள் முதலிற் பிறந்தது தேவாலயப் பணிக்காகவே. திருப்பலியிற் பயன்படும் மெல்லிய கோதுமை அப்பத்தை அத்தகைய இரும்புகளிலேதான் சுட்டனர். பின்னர் அதே இரும்பு வீதிக்கு வந்தது, திருவிழாப் பண்டமாயிற்று. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்துக் கணவர் ஒருவர் தமது இளம் மனைவிக்காக எழுதிவைத்த இல்லறக் கைநூலில் இதன் செய்முறை காணப்படுகின்றது. 1559 இல் புரூகல் என்னும் பிளெமிய ஓவியர் வரைந்த களியாட்ட ஓவியமொன்றில், ஒரு பெண் வெளியிலே நெருப்பு மூட்டி வாபிள் சுடுகின்றாள். அந்த ஓவியம் தீட்டப்பட்டு ஓராண்டு கழிந்தபோது மன்னாரிலே போர்த்துக்கேயக் கோட்டை எழுந்தது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும், எந்தக் காலத்து ஐரோப்பா நமது கரையில் வந்து இறங்கிற்று என்பதை நினைத்துப் பார்க்க அந்த ஓவியம் உதவுகின்றது.

‘வாபிள்’ என்பது ஒல்லாந்த மொழியின் ‘வாஃபெல்’ என்ற சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. அதன் வேர், தேன்கூட்டையும் நெசவையும் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொற்களோடு உறவுடையது என்பர் மொழியியலாளர். பண்டத்தின் மேலுள்ள கட்டங்களைப் பார்த்தால் பொருத்தம் விளங்கும். தமிழாசிரியனாகிய எனக்கு இவ்விடத்திலே மாங்குடி மருதனார் நினைவுக்கு வருகின்றார். அவர் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரையின் இரவுக் கடைவீதியைக் காட்டும்போது, அங்கே விற்கப்பட்ட மெல்லிய அடையைத் தேனிறாலுக்கு ஒப்பிடுகின்றது. பாகும் மோதகமும் விற்றுக் களைத்து, இருந்த இடத்திலேயே உறங்கிவிழும் கூவியர் என்னும் அப்ப வாணிகரையும் அங்கே காண்கின்றோம். இதைக் கொண்டு வாபிளைக் கண்டுபிடித்தவர் தமிழரே என்று முரசறைய நான் முற்படவில்லை. அவ்வாறான ஆராய்ச்சிகள் ஏற்கெனவே நம்மிடம் வேண்டிய அளவு உள்ளன. மாவைச் சுட்டு அதன் மேற்பரப்பைப் பார்த்தவுடன் தேன்கூட்டை நினைப்பது எங்கும் மனித இயல்பு என்பதையே இது காட்டுகின்றது. மருதனார் கண்ட அடை அரிசியில் ஆனதாகவே இருக்கவேண்டும். கோதுமை நமது மண்ணின் பயிரன்று. அதன் பெயரும் ‘கோதூம’ என்னும் வடமொழிச் சொல்லின் வழி வந்ததே.

ஆனால் கோதுமை மணி நமது கரைக்கு வரவில்லையா? வந்தது. திருக்கேதீச்சரத்தைச் சூழ்ந்த மாந்தை, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய மாதோட்டம், பழங்காலத்தில் கிழக்கும் மேற்கும் சந்தித்த பெருந்துறை. அங்கே 1980 முதல் நடைபெற்ற அகழாய்வு 1984 இல் யுத்தத்தினால் நின்றுபோயிற்று. 2009-10 இல் மீண்டும் தோண்டினார்கள். மண்ணைச் சலித்து எடுத்த கருகிய தானியங்களையும் விதைகளையும் பற்றிய ஆய்வு 2018 இல் வெளியாயிற்று. அங்கே மிளகு கிடைத்தது, கராம்பு கிடைத்தது, திராட்சை விதை கிடைத்தது. அவற்றோடு கி.பி. 100 க்கும் 200 க்கும் இடைப்பட்டதெனக் கணிக்கப்பட்ட கோதுமை மணிகளும் கிடைத்தன. கோதுமையும் திராட்சையும் இங்கே விளைவன அல்ல. அரேபியப் பக்கத்திலிருந்தோ உரோமர் உலகத்திலிருந்தோ அவை கப்பலில் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. மாந்தை மக்களின் நாளாந்த உணவு உள்ளூர் அரிசியே என்பதையும் அதே ஆய்வு கூறுகின்றது.

நேயர்களே, ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த ஒருவர் தமக்குப் பழகிய உணவை ஒரு சிறு மூட்டையிலே கொண்டுவந்திருக்கலாம். அல்லது வாணிபப் பொருளாகவே அது வந்திருக்கலாம். எப்படியாயினும், மாந்தையில் ஒரு கோதுமை மணி கருகியது. அது கருகியதனாலேயே அழியாது நமக்குக் கிடைத்தது. அடுப்படியின் தவறு சில வேளை வரலாற்றின் நன்மையாகிவிடுகின்றது.

கோதுமை நமது சொற்களுக்குள் நுழைந்தது போர்த்துக்கேயர் காலத்திலே. நாம் நாள்தோறும் சொல்லும் ‘பாண்’ அவர்களுடைய சொல். கதிரை, வாங்கு, மேசை, அலுமாரி என வீட்டுப் பொருள்களின் பெயர்களும் அவர்கள் விட்டுச்சென்றவையே. திருப்பலிக்குரிய அப்பம் கோதுமையில்தான் ஆகவேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. ஆகவே, 1540 களில் மன்னார்க் கரையிலே கிறித்தவம் வேரூன்றிய காலந்தொட்டு, பெருமளவிலே இல்லாவிட்டாலும் வழிபாட்டுக்குப் போதிய அளவிலேனும், இங்கே கோதுமை தேவைப்பட்டிருக்கும் எனக் கருதலாம். தமிழிலே வேதாகமத்தைப் பெயர்த்தவர்கள் அந்த உணவுக்கு இட்ட பெயர் ‘அப்பம்’. ஐந்து வாற்கோதுமை அப்பங்களைப் பற்றிக் கேட்ட நமது கிராமத்துப் பிள்ளை, தாய் சுட்ட வெள்ளை அப்பத்தையே மனத்திற் கண்டிருக்கும். சைவக் குடும்பத்திற் பிறந்த எனக்கும் சிறுவயதில் அப்படியே தோன்றியது. வேற்றுநாட்டுத் தானியமொன்று உள்ளூர்ச் சொல்லை உடுத்திக்கொண்டு வந்து குடியேறிய விதம் இது.

ஒல்லாந்தர் நமக்குத் தந்த சொற்களும் உண்டு. கந்தோர், லாச்சி, போஞ்சி என்பன அவற்றுட் சில. உணவிலே அவர்கள் தந்த கொடை, அச்சு. ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் குடும்பங்களில் நத்தார்க் காலத்தில் ‘எய்சர் கூக்யெஸ்’ என்ற பண்டம் செய்வார்கள். ‘எய்சர்’ என்றால் இரும்பு. ‘கூக்யெஸ்’ என்றால் சிறு பணியாரங்கள். இரட்டை இரும்புத் தகட்டிலே சுடும் இதுவே வாபிளின் நேரடி உறவினன். அதே ‘கூக்யெஸ்’ என்னும் சொல் சிங்கள மக்களின் வாயில் ‘கொக்கிஸ்’ ஆயிற்று. சித்திரைப் புத்தாண்டு மேசையிலே கொக்கிஸ் இல்லாத சிங்கள வீடு அரிது. ஆங்கிலத்தில் ‘குக்கி’ என்று வழங்கும் சொல்லும் இதே ஒல்லாந்த மூலத்திலிருந்து பிறந்ததுதான்.

கொக்கிஸை நாம் ‘அச்சுப் பலகாரம்’ என்கின்றோம். தமிழ்நாட்டில் அச்சு முறுக்கு என்பர்; கேரளத்தில் அச்சப்பம். இங்கே ஒரு மாற்றத்தைக் கவனிக்கவேண்டும். இரட்டைத் தகட்டுக்குப் பதிலாகப் பூ வடிவமான ஒற்றை அச்சு. நெருப்பிலே சுடுவதற்குப் பதிலாகக் கொதிக்கும் எண்ணெயிலே தோய்த்தல். கோதுமை மாவுக்குப் பதிலாக அரிசி மா. பசும்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பால். இரும்பும் பெயரும் கடல்வழி வந்தன. மாவும் பாலும் எண்ணெயும் நமது தோட்டத்திலிருந்து வந்தன. ஆட்சியாளரின் பண்டத்தை அப்படியே ஏற்காமல், கையில் உள்ளதைக் கொண்டு மாற்றியமைத்த பெண்களின் பெயரை எந்த ஆவணமும் எழுதிவைக்கவில்லை. அச்சுப் பலகாரமே அவர்கள் எழுதிய ஆவணம்.

இனி ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். 1914 இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, தீவின் ஊடாகப் புகையிரதம் ஓடியது. அக்காலத்திலும் மன்னாரின் அன்னம் அரிசியே. கட்டுக்கரைக்குளத்து நீரில் விளைந்த நெல்லும், தீவிலே பனையின் ஒடியலும் கிழங்கும் மக்களைக் காத்தன. இலங்கையின் பெருந்தொகையான அரிசியோ பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்த வழி அடைபட்டது. கூப்பனுக்கு அளந்து கொடுக்கும் அரிசி குறைந்தபோது, கோதுமை மா அந்த இடத்தை நிரப்ப வந்தது. 1954 இல் அமெரிக்கா தனது மிகைத் தானியத்தை வெளிநாடுகளுக்கு வழங்குவதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அத்தகைய உதவிகளின் நினைவாகவே நமது பகுதிகளில் கோதுமை மாவுக்கு ‘அமெரிக்கன் மா’ என்ற பெயர் நிலைத்தது எனலாம்.

அந்த மாவையும் நமது பெண்கள் அப்படியே விட்டுவிடவில்லை. கோதுமை மாவை நேரே புட்டுக்குக் குழைத்தால் அது பசையாகிவிடும். ஆகவே, துணியிலே கட்டி நீராவியில் அவித்து, சுடச்சுட உதிர்த்து, அரிதட்டில் அரித்து, பின்னர் புட்டும் இடியப்பமும் செய்தார்கள். பசைத்தன்மைக்குக் காரணமான புரதம் வெப்பத்தினால் இறுகிவிடுவதே இதன் இரகசியம். அவர்கள் எந்த ஆய்வுகூடத்திலும் இதனைப் படிக்கவில்லை.

1977 இல் சிங்கப்பூர் நிறுவனமான பிறீமாவுடன் அரசு ஒப்பந்தம் செய்தது. 1980 இல் திருகோணமலையில் அதன் மாபெரும் ஆலை இயங்கத் தொடங்கியது. அரசு கோதுமை மணியைக் கொடுக்கும். ஆலை மாவைத் திருப்பித் தரும். அரைப்புக் கூலியாகத் தவிட்டை எடுத்துக்கொள்ளும். அன்றைய ஏற்பாடு இதுதான். நேயர்களே, ஒரு கோதுமை மணியில் ஏறத்தாழ நூற்றுக்கு 83 பங்கு வெள்ளை மாப்பகுதி, 14 பங்குக்குச் சற்று மேலே தவிடு, இரண்டரைப் பங்கு முளை. நார்ச்சத்தும் இரும்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் மிகுந்திருப்பது தவிட்டிலும் முளையிலுமே. வெள்ளை மா நமக்கு, தவிடு கூலிக்கு என்றானது. நாமும் வெண்மையே மேன்மை என்று மகிழ்ந்திருந்தோம்.

1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டில் அச்சு இருக்கவில்லை. அயலிலே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் இருந்தது. தீபாவளிக்கு நாங்கள் வாங்குவோம். நத்தாருக்குக் கத்தோலிக்க வீட்டார் வாங்குவர். பெருநாளுக்கு அது சொந்த வீட்டுக்குத் திரும்பிவிடும். அவ்வாண்டு ஐப்பசியில் அம்மா அச்சை இரவல் கேட்டபோது, “தங்கச்சி, ஆறுதலாத் தாங்கோ, பெருநாளுக்கு இன்னும் கனநாள் கிடக்கு” என்று மாமி சொன்னது எனக்கு நினைவிருக்கின்றது. தீபாவளி கழிந்து சில நாட்களில், வடக்கு மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். மாமியின் குடும்பம் கையில் எடுத்ததோடு படகேறிப் புத்தளம் பக்கம் போயிற்று. அச்சு எங்கள் வீட்டிலே தங்கிவிட்டது.

பின்னர் நாங்களும் இடம்பெயர்ந்தோம். புடவை மூட்டைக்குள் அம்மா அதனையும் சுற்றிக்கொண்டார். “இரவல் பொருளை விட்டிட்டுப் போகக்கூடாது” என்பதே அவர் சொன்ன காரணம். முகாம்களிலே நிவாரணமாக அரிசி, மா, சீனி, பருப்பு தந்தார்கள். மாவும் இருந்தது, அச்சும் இருந்தது. எண்ணெயும் கொண்டாட்டமும்தான் இருக்கவில்லை. அந்த ஆண்டுகள் முழுவதும் அச்சு மூட்டைக்குள்ளேயே கிடந்தது. யுத்தம் முடிந்து அந்தக் குடும்பம் ஊர் திரும்பியபோது, 2010 இல் அம்மா அதனை எண்ணெய் தடவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமி அப்போது உயிரோடு இல்லை. மகள் வாங்கிக்கொண்டார். இருபது ஆண்டுகள் ஓர் அயலவரின் முற்றம் வெறுமையாகக் கிடந்ததற்கு ஓர் இரும்புப் பூ ஈடாகாது. ஆயினும், எதனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை அது நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. டொலர் இல்லை, கோதுமை முழுவதையும் இறக்குமதி செய்யும் நாட்டில் மா விலையும் பாண் விலையும் ஏறின. அதே வேளையில் கோதுமை விளையும் உக்ரேனிலும் போர். அவ்வாண்டு பங்குனியில் மன்னார்ப் பகுதியிலிருந்து குடும்பங்கள் சில படகேறி இராமேசுவரக் கரையில் இறங்கின. ஒரு காலத்தில் மாந்தைக்கு வந்த கோதுமை விருந்தாளியாக வந்தது. இன்று அது வராவிட்டால் நமது அடுப்பு எரியாது. இந்த மாற்றத்தைத்தான் நாம் சிந்திக்கவேண்டும்.

சிந்திப்பதற்கு ஓர் எளிய வழி, மாவைக் கையிலெடுத்துப் பார்ப்பது. வாக்களித்தபடி செய்முறையைச் சொல்கின்றேன். ஒன்றரைக் கோப்பை ஆட்டா மாவும் அரைக் கோப்பை வறுத்த அரிசி மாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டா மாவை அரிக்கும்போது அரிதட்டில் தங்கும் தவிட்டை எறிந்துவிடாதீர்கள், அதற்காகத்தானே இவ்வளவும் பேசினோம்! மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பனங்கட்டித் தூள், சிறிது ஏலக்காய் சேருங்கள். இரண்டு முட்டைகளின் மஞ்சட் கருவை ஒன்றேமுக்கால் கோப்பை தேங்காய்ப்பாலிலும் நான்கு மேசைக்கரண்டி உருக்கிய நெய்யிலும் கலந்து மாவிலே ஊற்றுங்கள். மெதுவாகக் கலக்குங்கள். அடித்துக் குழைத்தால் பண்டம் தோல்போல் இழுபடும். கால் மணிநேரம் அப்படியே வைத்துவிடுங்கள். தவிடு ஈரத்தை உறிஞ்சி மென்மையாவதற்கு அந்த நேரம் வேண்டும். முழுக்கோதுமைப் பண்டம் கரடுமுரடாயிருக்கின்றது என்று குறைசொல்வோர் பெரும்பாலும் இந்தக் கால் மணிநேரத்தைக் கொடுக்காதவர்களே. பின்னர் முட்டை வெள்ளைக் கருவை நுரைக்க அடித்து மெல்லச் சேருங்கள். முட்டை உண்ணாதோர் அதற்குப் பதிலாக அரைக் கோப்பை தயிரும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் சேர்த்து, தேங்காய்ப்பாலை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

அச்சை நன்றாகச் சூடாக்கி, நெய் தடவி, மாவை ஊற்றி மூடுங்கள். ஓரத்திலிருந்து ஆவி வருவது அடங்கும்வரை திறக்கவேண்டாம். அவசரப்பட்டுத் திறந்தால் இரண்டாகப் பிளந்துவிடும். எடுத்ததும் தட்டிலே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், கம்பி வலைமேல் வைத்தால் மொறுமொறுப்பு நிற்கும். மேலே ஊற்றப் பனங்கட்டிப் பாகு போதும். இரட்டை அச்சு இல்லாதவர் பலகார அச்சையே எடுக்கலாம். அதற்கு ஆட்டா மாவும் அரிசி மாவும் சரிபாதி, பேக்கிங் பவுடர் தேவையில்லை, கெட்டித் தேங்காய்ப்பால், சற்றுத் தண்ணீர்ப் பதமான மா. அச்சை முதலில் தாச்சி எண்ணெயிலே சூடேற்றி, மாவில் முக்காற் பங்குக்குமட்டும் தோய்க்கவேண்டும். விளிம்பைத் தாண்டி மா ஏறினால் பூ அச்சைவிட்டுக் கழலாது.

இந்தச் செய்முறையிலே ஐரோப்பாவின் இரும்பு இருக்கின்றது. கடல் கடந்து வந்த கோதுமை இருக்கின்றது. கட்டுக்கரைக்குளத்து அரிசி இருக்கின்றது. தீவின் பனை இருக்கின்றது. எது அந்நியம், எது நம்முடையது என்று பிரித்து எடுக்க முயன்றால், தட்டிலே எதுவும் மிஞ்சாது. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. விரும்பி ஏற்றதை நமது கைப்பக்குவத்தால் நமதாக்கிக்கொள்வது ஒன்று. வேறு வழியின்றிக் கப்பலை எதிர்பார்த்து நிற்பது மற்றொன்று. முன்னையதற்கு அச்சுப் பலகாரம் சாட்சி. பின்னையதற்குப் பாண் கடை வரிசை சாட்சி. அரிசி மாவும் பனங்கட்டியும் சேர்க்கச் சொன்னது சுவைக்காக மட்டுமன்று. குரக்கனையும் ஒடியலையும்கூட இப்படிச் சிறிது சிறிதாகப் பிள்ளைகளின் தட்டுக்குத் திருப்பி அழைக்கலாம். தவிட்டைக் கூலியாகக் கொடுத்துப் பழகிய நாம், தானியத்தை முழுமையாக உண்ணக் கற்பதும் ஒரு விடுதலையே.

மாந்தையின் மண்ணிலே கிடைத்த அந்தக் கோதுமை மணியை யார் சமைத்தார், யாருக்காகச் சமைத்தார் என்று மண் சொல்லவில்லை. அடுத்த முறை திருக்கேதீச்சரத்துக்குப் போகும்போது, பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்துவிட்டு, அந்தப் பழந்துறையின் மேட்டுநிலத்தையும் சற்று நின்று பாருங்கள். நமது அடுக்களையின் வரலாறு அங்கேயும் புதைந்து கிடக்கின்றது.